தேன் கோழிப் பானையில் ஒரு கறிவேப்பிலை

அம்மா,

ஃபிரிட்ஜைத் திறந்தால் நீ நிற்கிறாய். நடுத்தட்டில், பால் கேனுக்குப் பக்கத்தில், ஃபாயில் போட்டு மூடிய அலுமினியத் தட்டு ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் விரலால் அழுத்தி மூடியும் வாசம் அடங்கவில்லை. தேன், பூண்டு, வினிகர், ஒயினில் வெந்த உலர்ந்த பிளம், பச்சை ஆலிவ். நீ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது உன் ஸ்வெட்டரில் வந்த வாசம். தண்ணீர் எடுக்கப் போனவள் எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டேன்.

தட்டை இன்று மாலை மிரியம் கொண்டுவந்தார். நீ வேலை பார்த்த சமையற்கூடத்தின் முதலாளி நம் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நாளை மறுநாள் சூரியன் மறைந்தால் யூதர்களான அவர்களுக்குப் புத்தாண்டு. இந்த வருஷம் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. போன வருஷமும் இப்படி முன்னால் வந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது என்று தோன்றுகிறது.

அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிடுகிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷில் எழுதினால் கை வேகமாக ஓடும். ஆனால் நீ பாதியிலேயே "மெதுவா சொல்லு கண்ணு" என்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீ. அதனால் உனக்குத் தமிழில்தான். இதை அப்பா படித்துவிடக் கூடாது. படித்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

நீ சமையல் படிக்க மாணவியாக மெல்பர்ன் வந்தபோது எனக்கு ஆறு வயது. படித்து முடித்து இரண்டு உணவகங்களில் வேலை பார்த்தாய். விசாவுக்கு யாரும் ஸ்பான்சர் செய்யவில்லை. கடைசியில் கால்ஃபீல்டில், யூதர்களின் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் மிரியத்தின் கூடத்தில் வேலை கிடைத்தது. அவர் ஸ்பான்சர் செய்ததால்தான் நாம் மூன்று பேரும் இந்த நாட்டில் இருந்தோம். நம் வீடு இருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து தினமும் விடியும் முன் கிளம்பி ஊரின் அந்தக் கோடிக்குப் போவாய்.

போன வருஷம் செப்டம்பர் விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். பண்டிகை ஆர்டர் நிறைய, கைக்கு ஆள் போதவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உனக்கு இருந்தது. புரட்டாசி மாதம் நீ கறி தொடமாட்டாய். நாற்பது தட்டு கோழி சமைக்கிறவளுக்கு உப்புப் பார்க்க ஒரு நாக்கு வேண்டும். "உனக்கு நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன்" என்று எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாய். நான் ருசி பார்த்து முகத்தைச் சுளித்தால் வினிகர் கூட என்று உனக்குத் தெரியும். தலையாட்டினால் அடுத்த பானைக்குப் போய்விடுவாய்.

முதல் நாள் காரில் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாய். அது கறி சமைக்கிற கூடம். பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. வெளிச் சாப்பாடும் கூடாது. கறியும் பாலும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்தால் அந்தச் சாப்பாட்டை அவர்கள் தொடமாட்டார்கள். பானையே தீட்டாகிவிடும். "நம்ம வீட்ல புரட்டாசி சனிக்கெழமை தளிகை போடற பாத்தரத்துல கறிக் கரண்டிய வுடுவமா? அப்படி நெனச்சுக்க." அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மதியம் அங்கே எல்லாருக்கும் கோழியும் ரொட்டியும் உண்டு. நீ மட்டும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து, காரிலேயே வைத்துவிட்டு, மதியம் காருக்குப் போய்ச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் திரும்புவாய்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அம்மா. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. யோசி என்று தாடி வைத்த பெரியவர் ஒருவர் அங்கே விதிகளுக்கு மேற்பார்வை. அடுப்பை அவர்தான் பற்றவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நீ சமைக்கலாம். முட்டையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து ரத்தப் புள்ளி தேடுவார். கீரையை விளக்கின்மேல் விரித்துப் பூச்சி தேடுவார். என் கண் அவருக்கு முன்னால் பூச்சியைக் கண்டுபிடித்தது. அன்று முதல் எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். காலையில் நான் உள்ளே வந்தால் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இது இனி எதற்கு, குப்பையில் போட்டுவிடட்டுமா என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கவனிப்பதில்லை. அங்கே கவனித்தார்கள்.

அந்தக் கோழிக்குப் பிரிஞ்சி இலையை அவர் எண்ணித்தான் போடுவார். பானைக்குப் பன்னிரண்டு. சாப்பிடும் குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடக் கூடாது என்று, தட்டுகளுக்கு ஊற்றும் முன் பன்னிரண்டையும் எண்ணித்தான் எடுப்பார்.

பண்டிகைக்கு முந்தின பகல். அன்று சூரியன் மறைவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு அவர்கள் வண்டி ஓட்டக்கூடாது. நீ காலை நான்கு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாய். மழை கொட்டியது. தெருவெல்லாம் வண்டி. நம் கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. திரும்பி ஓடிவர நேரமிருக்காது என்று நினைத்தாயோ என்னவோ, அன்று காலையிலேயே டிபன் பாக்ஸை ஜாக்கெட்டுக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்திருந்தாய். பன்னிரண்டு மணிக்கு உன் கை நடுங்க ஆரம்பித்தது. சர்க்கரை இறங்கினால் உனக்கு அப்படித்தான் ஆகும். தேன் பாகு கிண்டிக்கொண்டிருந்த நீளக் கரண்டியோடு சாமான் அறைக்குள் போனாய். நானும் பின்னால் வந்தேன். பிளம் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நீ மூடியைத் திறந்தாய்.

"அம்மா, இங்க வேண்டாம். காருக்குப் போயிட்டு வந்துரு. நான் பாத்துக்கறேன்."

"இந்த மழைல எங்க போறது சாமி? ரெண்டு வாய்தான். நீ வாசல்ல நில்லு."

கையில் உறை இருந்தது. அதைக் கழற்ற நேரமில்லாமல் அந்தக் கரண்டியாலேயே அள்ளி விழுங்கினாய். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். கரண்டியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடினாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொதிக்கும் பாகில் அந்தக் கரண்டி இறங்கியது. அந்தப் பாகிலிருந்து அடுத்த பானைக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் போனது. அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு பானையோடு போயிருக்கும். திறக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

யோசி இலை எடுக்க வந்தார். எடுத்து எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். பன்னிரண்டுக்குப் பிறகும் ஒன்று வந்தது. சின்னதாக, கரும்பச்சையாக. விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார். இந்த இலை என் கையைத் தாண்டி வரவில்லையே என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கறிவேப்பிலை, அம்மா. அடியில் ஒரு கடுகும் ஒட்டியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். சாமான் அறைக்குப் போனார், டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தார். மூடியில் என் பெயர். மூன்றாம் வகுப்பில் நீயே ஒட்டிய ஸ்டிக்கர். நான் வளர்ந்தபின் அந்த டப்பாவை நீதான் எடுத்துக்கொண்டு போனாய்.

மிரியம் வந்து நின்றார். எல்லாரும் வந்து நின்றார்கள். நீ டப்பாவைப் பார்த்தாய். ஸ்டிக்கரைப் பார்த்தாய். அவர்கள் பக்கம் திரும்பினாய்.

"மை டாட்டர், சார். ஷி டோன்ட் நோ."

உன் இங்கிலீஷை நான் ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தவில்லை.

என்னை வாசலில் நின்ற மிரியத்தின் காரில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியாக நாற்பது தட்டும் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்த்தேன். பானைகளையெல்லாம் கொதிநீரில் போட்டு மறுபடி முறைப்படி சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். மிரியம் மழையில் நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். யோசி தொப்பி நனைய வந்து கண்ணாடியைத் தட்டினார். சாப்பிட்டது பெரிய விஷயமில்லை, பசித்தால் யாரும் சாப்பிடுவார்கள் என்றார். கரண்டி பானைக்குள் போன உடனே என்னிடம் நீ சொல்லியிருக்கலாம், உன் கண்ணுக்குத் தப்பியிருக்காது, அதுதான் எனக்கு வருத்தம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. இன்ஸ்பெக்டர் என்று அவர் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவுமில்லை.

வீட்டுக்குக் கிளம்பினோம். ரிங் ரோடு ஏறியதும், "அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் வீடுவரை பிடித்துக்கொண்டு வந்தேன். வேலை போனால் விசா போகும், விசா போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும், பதினான்கு வயதுப் பெண்ணை யார் வேலையை விட்டு நிறுத்த முடியும்? அதெல்லாம் நீ சொல்லாமலே எனக்குப் புரிந்திருந்தது. வெளியே அப்படி, வீட்டுக்குள் உண்மை என்று நினைத்தேன். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, உங்க மக பண்ணுன காரியத்துக்கு இன்னிக்கு என்ற வேலையே போயிருக்கும்."

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு சின்ன விதியைக்கூட மதிக்கத் தெரியாதா, அடுத்தவர் சாமி காரியம் இல்லையா என்று மட்டும் கேட்டார். நீ அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். குழாயைத் திறந்தே வைத்திருந்தாய்.

தீபாவளிக்குப் பாயிண்ட் குக்கில் நம்மவர்கள் கூடினார்களே, அங்கே அதை ஒரு கதையாக்கினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பயத்தில் சொன்ன பொய்யை நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். ஆனால் ஆன்ட்டிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நீ கையை ஆட்டி ஆட்டி, "எங்கூட்டு மகாராணிக்கு அந்த எடத்துலதான் தயிர்சாதம் கேட்டுச்சு" என்று சொன்னபோது உன் முகத்தில் பயமே இல்லை. யோசி இலையை மோந்ததைக்கூட நடித்துக் காட்டினாய். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நான்தான் சாப்பிட்டேன் என்று நீ நம்ப ஆரம்பித்துவிட்டாயா? தமிழ்ப் பள்ளியில் எனக்கு இன்றுவரை 'தயிர்சாதம்' என்றுதான் பெயர்.

ஏப்ரலில் என் பிறந்தநாளுக்கு அந்தக் கோழியை வீட்டில் செய்தாய். ஆலிவுக்குப் பதில் சின்ன வெங்காயம், பிளமுக்குப் பதில் பேரீச்சை, வினிகருக்குப் பதில் புளி, தேன் மட்டும் அதே தேன். மேலே பச்சை மிளகாய் கீறிப் போட்டிருந்தாய். உப்புப் பார் என்று கரண்டியை நீட்டினாய். பசியில்லை என்று அறைக்குப் போய்விட்டேன். நீ கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாய். நிழல் தெரிந்தது. ஏதோ சொல்லத்தான் நின்றாயா, சாப்பிடக் கூப்பிட நின்றாயா, தெரியவில்லை. அப்பா நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூனில் உனக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டாம் நாள் அப்பா காபி வாங்கக் கீழே போனபோது நாம் இருவர் மட்டும் இருந்தோம். நான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டேன். நீ என் கையைப் பிடித்தாய். இப்போது சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன்.

"பீன்ஸ் வாங்கி வெச்சேன் கண்ணு. வாடிப்போகும். நாளைக்கே பொரியல் பண்ணிரு."

மறுநாள் உன் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த நாள் நீயும் இல்லை. பீன்ஸ் பொரியல் செய்தேன். அதைச் செய்யும்போது நான் அழவில்லை. கோபமாக இருந்தேன். இறந்துபோனவள்மேல் கோபப்படுவது பெரிய பாவம் மாதிரி இருந்தது, யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இன்று மாலை மிரியம் எதற்கு வந்தார் என்று சொல்கிறேன். உன் விசாவோடுதான் நம் விசாவும். நீ இல்லாமல் நானும் அப்பாவும் இங்கே இருக்க வேண்டுமானால், நீ எப்படி உழைத்தாய் என்று உன் முதலாளியின் கடிதம் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மிரியம் அந்தக் கடிதத்தின் நகலோடு வந்தார். நம் வீட்டுப் பாத்திரத்தில் அவர் சாப்பிடமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். தோலுரிக்காத வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தார். மிரியம் அதை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அவளைப்போல நம்பிக்கையான ஆள் எனக்குக் கிடைத்ததில்லை என்றார். அப்பா அழுதார். அம்மா, அப்பா அழுவதை உன்னைக் கொண்டுபோன அன்றுதான் முதலில் பார்த்தேன். இன்று இரண்டாவது தடவை.

பிறகு மிரியம் என் பக்கம் திரும்பினார். போன வருஷ விஷயம், கோஷர் என்கிற அவர்களின் உணவு விதிக்குச் சான்று கொடுக்கும் சபையின் பதிவில் இருக்கிறதாம். யாராவது தோண்டினால் உன் பெயருக்குக் கீழே அது வரும். அதனால் அதையும் மறைக்காமல் எழுதப்போகிறாராம். அவள் எந்த விதியையும் மீறியதில்லை, நடந்த ஒரே தவறு அன்று உதவிக்கு வந்த மகளுடையது, அவளுக்கு அப்போது பதினான்கு வயது என்று. காகிதத்தை என் முன்னால் வைத்தார். அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். பொய்யில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், அதனால் கேட்கிறேன் என்றார். இது அரசாங்கத்துக்குப் போகிற காகிதம், தவறு சின்னதென்றாலும் உன்னுடையது, உன் சம்மதம் இல்லாமல் எழுத எனக்கு உரிமையில்லை என்றார். அன்று உன்னை யாருமே கேட்கவில்லை என்று யோசி அடிக்கடி சொல்கிறார் என்றார். பிறகு கேட்டார்.

"அது நீதானா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிரியம் அந்த வரியை அடித்துவிடுவார். நம்பிக்கையான ஆள் என்ற வரியையும் அடித்துவிடுவார். அவர் அடிக்காவிட்டாலும் அப்பா அடிக்கச் சொல்வார். அப்பாவை உனக்குத் தெரியும். கடைக்காரர் மீதி கூடக் கொடுத்துவிட்டால் பார்க்கிங்கிலிருந்து திரும்பி நடந்து போகிறவர். விசா முடிகிற டிசம்பரில் நாங்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்போம். உன்னை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தத் தயிர்சாதம்தான் முன்னால் வரும்.

"ஆமா. நான்தான்" என்றேன்.

மிரியம் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். நீங்கள் சாப்பிடுங்கள், கோழி பண்டிகைக்குச் செய்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் அப்பா என் தலையைத் தடவி, தைரியமாக ஒத்துக்கொண்டாய் என்று பாராட்டினார்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. என் வாயால் சொன்ன பொய் ஒன்று காகிதமாகி அரசாங்கத்துக்குப் போகிறது. பிடித்துவிடுவார்களோ, யோசி நம்பாமல் ஏதாவது கேட்பாரோ, தூக்கத்தில் நானே உளறிவிடுவேனோ. இனி இந்த வீட்டில் இருக்கும்வரை இது என்னோடு இருக்கும். நல்ல பெயர் வாங்கிக்கொண்டு நீ போய்விட்டாய். அந்தப் பெயரை அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. இன்று நான் சொன்னது அப்பாவுக்காக. கொஞ்சம் உனக்காகவும்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று நீ எடுத்துக்கொண்டது வேறு, இன்று நான் கொடுத்தது வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க என்னால் முடியவில்லை.

மிரியம் யாரோ ஒருவர். என் பெயரைக் காகிதத்தில் எழுதுமுன் இவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்து என்னைக் கேட்டார். நீ எனக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றாய். அவர்கள் பக்கம் திரும்பும் முன் என் பக்கம் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். வாய்விட்டுக்கூடக் கேட்டிருக்க வேண்டாம்.

கேட்டிருந்தால் அன்றும் நான் சரியென்றுதான் சொல்லியிருப்பேன், அம்மா.